நாற்பது மில்லிகிராம்: எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீரின் கணக்கு

எண்ணெய்க் கிணறு என்றால் அதிலிருந்து வருவது எண்ணெய் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலகத்துக் கிணறுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் மூன்று பீப்பாய் தண்ணீர் மேலே வருகிறது. வயதான கிணறாக இருந்தால் இன்னும் மோசம். மேலே வருவதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீராகவே இருக்கும். நடுக்கடலில் இருக்கிற பிளாட்ஃபார்மில் இவ்வளவு தண்ணீரை என்ன செய்வார்கள்? எண்ணெயைப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சத்தைப் பெரும்பாலும் கடலிலேயே விடுவார்கள். இந்தப் பதிவு அந்தத் தண்ணீரின் கதை.

பேங்க்காரனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை. பிழைப்பு பெங்களூர் காக்ஸ் டவுனில். குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து ஊர்க்காரர்கள் போனில் இதையேதான் பேசுகிறார்கள். ஒரு கட்சி "கடலே செத்துப் போகும்" என்கிறது. இன்னொரு கட்சி "எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கும்" என்கிறது. அந்த "அளவு" என்ற வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது. நான் படித்தது பி.காம். எஞ்சினியரிங் தெரியாது, கடல் உயிரியலும் தெரியாது. ஆனால் விகிதம், சதவீதம், வரம்பு, சராசரி இவற்றை வைத்துக்கொண்டு ஒரு கணக்கை எப்படியெல்லாம் அழகாகக் காட்டலாம் என்பது இருபது வருஷமாகப் பார்க்கிற விஷயம். அதனால் அந்த அளவு எங்கிருந்து வந்தது, யார் போட்டது, எப்படி மாறியது என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

எண்ணெய் இருக்கும் பாறை அடுக்குகளில் பல லட்சம், பல கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் தண்ணீரும் அடைபட்டுக் கிடக்கிறது. எண்ணெயை எடுக்கும்போது அதுவும் கூடவே வருகிறது. போதாததற்கு, கிணற்றில் அழுத்தம் குறையாமல் இருக்கக் கடல் தண்ணீரை உள்ளே செலுத்துவார்கள். அதுவும் கொஞ்ச காலத்தில் சுற்றிக்கொண்டு மேலே வந்து சேரும்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மும்பைப் பக்கம் பிளாட்ஃபார்மில் பல வருஷம் வேலை பார்த்தவர். பதினாலு நாள் கடல், பதினாலு நாள் வீடு என்று காலம் தள்ளியவர். அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, தண்ணி எப்பம் அதிகமா வரும்?"

"மக்கா, கெணறு இளசா இருக்கும்போ எண்ணெய் தரும். கெழடாச்சுன்னா தண்ணியத்தான் கக்கும். தண்ணியச் சமாளிக்கதுதான் பாதி வேலை."

இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்தத் தண்ணீரில் முதலாவதாக, பொடிப்பொடித் துளிகளாக எண்ணெய் மிதக்கும். இரண்டாவதாக, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோன பொருட்கள் இருக்கும்: பென்சீன், டொலுவீன், ஃபீனால் வகைகள், பல வளைய ஹைட்ரோகார்பன்கள். மூன்றாவதாக, குழாய் துருப்பிடிக்காமல் இருக்க, பாக்டீரியா வளராமல் இருக்க, உப்புப் படியாமல் இருக்க நாமே ஊற்றும் ரசாயனங்கள். நான்காவதாக, கன உலோகங்களும், பாறையிலிருந்து கரைந்து வரும் ரேடியமும். குழாய்க்குள் படியும் உப்போடு சேர்ந்து இந்த ரேடியம் தங்கிவிடுவதால், பழைய குழாய்களைக் கழற்றும்போது கதிரியக்கம் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். மணவாளக்குறிச்சி மணலை அறிந்த குமரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் பிரிப்பது எப்படி? முதலில் பெரிய தொட்டியில் ஓய்வாக விட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை வழித்தெடுப்பார்கள். ரசத்தின் மேல் மிதக்கும் நெய்யைக் கரண்டியால் எடுப்பது போலத்தான். பொடித் துளிகள் அதில் சிக்காது. அதற்கு, காற்றுக் குமிழிகளை அடியிலிருந்து விட்டுத் துளிகளை மேலே தூக்கி வரும் முறை ஒன்று உண்டு. 1980-களில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து ஹைட்ரோசைக்ளோன் என்ற சுழல் குழாய் வந்தது. தண்ணீரை வேகமாகச் சுழற்றினால் கனமான தண்ணீர் ஓரத்துக்கும் லேசான எண்ணெய் நடுவுக்கும் ஒதுங்கும். மத்தால் கடைந்து வெண்ணெய் எடுப்பதன் தூரத்துச் சொந்தம். இடம் குறைவான பிளாட்ஃபார்முக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் கவனியுங்கள். இந்த முறைகளெல்லாம் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைப் பிடிக்கத்தான். கரைந்துபோனதில் பெரும்பகுதி தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும்.

நாற்பது வந்த வழி

வட கடலில் 1969-ல் நார்வே பக்கம் எக்கோஃபிஸ்க், 1970-ல் பிரிட்டன் பக்கம் ஃபோர்ட்டீஸ், 1971-ல் பிரெண்ட் என்று அடுத்தடுத்துப் பெரிய எண்ணெய் வயல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சுற்றிலும் காலங்காலமாக மீன் பிடிக்கிற நாடுகள். ஒரு நாட்டின் கழிவு இன்னொரு நாட்டு வலையில் வந்து விழும். அதனால் கூடிப் பேச வேண்டிய கட்டாயம். 1974-ல் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் கீழ் இயங்கிய பாரிஸ் கமிஷன் 1986-ல் ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது: பிளாட்ஃபார்மிலிருந்து கடலில் விடும் தண்ணீரில், லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது.

இங்கே ஒரு வேடிக்கை. கப்பல்களுக்கான சர்வதேச மார்பொல் ஒப்பந்தப்படி, எஞ்சின் அறையில் சேரும் எண்ணெய்த் தண்ணீரைக் கடலில் விட வேண்டுமானால் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. அதாவது ஏறத்தாழ லிட்டருக்கு 15 மில்லிகிராம். கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் மார்பொல் வரம்பிலிருந்து விலக்கு பெற்றது. அதே கடல், அதே மீன், கப்பலுக்கு 15, பிளாட்ஃபார்முக்கு 40! அன்றைக்கு இருந்த கருவிகளால் அவ்வளவு தண்ணீரில் எவ்வளவு தூரம் எண்ணெயைப் பிரிக்க முடியும் என்பதைப் பார்த்துப் போட்ட எண் அது. மீன் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்துப் போட்ட எண் அல்ல.

அமெரிக்கா 1993-ல் தன் பங்குக்கு மாதச் சராசரி 29, ஒரு நாளில் அதிகபட்சம் 42 என்று வைத்தது. 1996-ல் ஒரு படி மேலே போய், கரையோர நீர்ப்பகுதிகளில் அலாஸ்காவின் குக் இன்லெட்டைத் தவிர வேறெங்கும் இந்தத் தண்ணீரை விடவே கூடாது என்று தடை போட்டது. எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதோடு, எந்த இடத்தில் விடுகிறோம் என்பதும் முக்கியம் என்று ஒப்புக்கொண்ட நடவடிக்கை அது.

வங்கிக்காரனின் சந்தேகம்

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்பது ஒரு விகிதம். வங்கியில் இருப்பவர்களுக்கு விகிதத்தின் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. வாராக்கடன் நூற்றுக்கு ஐந்து சதவீதம் என்றால், அதைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, கெட்டுப்போன கடனை வசூல் பண்ணுவது. கஷ்டமான வேலை. இன்னொன்று, புதுக் கடனாகக் கொடுத்துத் தள்ளி மொத்தத் தொகையை ஊத வைப்பது. கெட்ட கடன் அப்படியே இருக்கும், சதவீதம் மட்டும் இறங்கிவிடும். மேலதிகாரி சந்தோஷப்படுவார். (இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்தப் புதுக் கடன்களும் கெட்டுப் போகும்போது வேறு ஒருத்தர் அந்த நாற்காலியில் இருப்பார். அது வேறு கதை.)

தண்ணீரிலும் இதே விளையாட்டு சாத்தியம். அதனால்தான் நல்ல சட்டங்கள் "வேறு தண்ணீர் கலக்காமல்" அளக்க வேண்டும் என்று சேர்த்து எழுதுகின்றன. ஆனால் யாரும் ஏமாற்றாமலேயே நடக்கும் ஒன்று இருக்கிறது. இங்கேதான் அண்ணாச்சி சொன்னது வருகிறது.

உதாரணத்துக்கு ஒரு பிளாட்ஃபார்ம் நாளைக்கு ஒரு கோடி லிட்டர் தண்ணீர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 400 கிலோ எண்ணெய். வருஷத்துக்கு 146 டன். பதினைந்து வருஷத்தில் கிணறு கிழடாகித் தண்ணீர் நான்கு மடங்கானால், அதே 40-க்கு நாளொன்றுக்கு 1,600 கிலோ. சட்டத்தை மாற்றி 30 ஆக்கினாலும் 1,200 கிலோ. சோதனை அறிக்கையில் எல்லா நாளும் "வரம்புக்குள்" என்றே இருக்கும். ஒரு நாளும் விதி மீறவில்லை. ஆனால் கடலுக்குப் போன சரக்கு மூன்று மடங்கு.

வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு அசல் எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவரை என்ன சொல்வோம்?

இன்னொன்றும் இருக்கிறது. எதை "எண்ணெய்" என்று அளக்கிறோம் என்பது. ரிசர்வ் வங்கி 2004 மார்ச்சிலிருந்து, 180 நாள் கட்டாத கடன் என்பதை 90 நாளாக மாற்றியது. கடனாளிகள் அதே ஆட்கள்தான், வாராக்கடன் எண் மாறியது. வட கடலிலும் 2007-ல் எண்ணெயை அளக்கும் ஆய்வக முறையையே மாற்றினார்கள். முறை மாறினால் அதே தண்ணீருக்கு வேறு எண் வரும். அதனால் பழைய அறிக்கையையும் புது அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது ஜாக்கிரதை தேவை. பென்சீன் போன்ற கரைந்த பொருட்களோ அந்த 40, 30 கணக்கிலேயே வராது.

விகிதத்திலிருந்து மொத்தத்துக்கு, மொத்தத்திலிருந்து ஆபத்துக்கு

இந்த ஓட்டையை வட கடல் நாடுகள் கண்டுகொண்டன. பாரிஸ் ஒப்பந்தமும் அதற்கு முந்தைய ஒஸ்லோ ஒப்பந்தமும் சேர்ந்து 1992-ல் ஓஸ்பார் ஒப்பந்தம் ஆகி, 1998-ல் நடைமுறைக்கு வந்தது. 2001-ல் ஓஸ்பார் ஒரு பரிந்துரை கொடுத்தது. அதில் இரண்டு விஷயம். ஒன்று, 2006-ன் முடிவிலிருந்து 40-க்குப் பதில் 30 மில்லிகிராம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது: 2000-ம் வருஷத்தில் ஒவ்வொரு நாடும் இந்தத் தண்ணீரோடு விட்ட மொத்த எண்ணெயின் எடையை 2006-க்குள் 15 சதவீதம் குறைக்க வேண்டும். முதல் தடவையாக அசலைக் கேட்டார்கள்!

நார்வே இதற்கு முன்னாடியே வேறு திசையில் யோசித்தது. 1997-ல் அங்கே அரசின் கொள்கை அறிக்கை "தீங்கு விளைவிக்கும் பொருட்கள் கடலுக்குள் பூஜ்யம்" என்ற இலக்கை வைத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பூஜ்யமாக்க முடியாது, எதை முதலில் குறைப்பது? அதற்காக ஒரு கணக்கு முறை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பொருளும் கடலில் பரவிய பிறகு எந்த இடத்தில் எவ்வளவு செறிவாக இருக்கும் என்று கணிப்பொறி மாதிரியில் மதிப்பிடுவது ஒரு பக்கம். எவ்வளவு வரை உயிரினங்களுக்குப் பாதிப்பு இருக்காது என்பது இன்னொரு பக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், விடை ஒன்றுக்கு மேல் போகிற கடல் பகுதி ஆபத்துப் பகுதி. 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் உள்ள தண்ணீர்க் கட்டத்தை ஒரு அலகாக வைத்து, இந்தப் பிளாட்ஃபார்மால் எத்தனை அலகு கடல் ஆபத்தில் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள்.

இதனால் ஒரு புது வெளிச்சம் கிடைத்தது. பல இடங்களில் ஆபத்தின் பெரும்பங்கு மிதக்கும் எண்ணெயால் வரவில்லை. கரைந்த பொருட்களாலும், துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றிய ரசாயனத்தாலும் வந்தது. எண்ணெயை 40-லிருந்து 20 ஆக்கக் கோடிகளைக் கொட்டுவதைவிட, ஒரு ரசாயனத்தை மாற்றினால் அதிகப் பலன் கிடைக்கும் இடங்களும் இருந்தன. தண்ணீரைத் திரும்பப் பாறைக்குள்ளேயே செலுத்திவிடுவது இன்னொரு வழி. செலவு அதிகம், எல்லா வயலிலும் முடியாது. முடிகிற இடத்தில் கடலுக்கு அதுதான் நல்லது. பெர்கன் நகரத்துக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில், இந்தத் தண்ணீரில் இருக்கும் ஆல்கைல் ஃபீனால்களைக் கொடுத்து வளர்த்த காட் மீன்களின் இனப்பெருக்கத்தில் கோளாறுகளைப் பார்த்தார்கள். அதே நேரம், திறந்த கடலில் இந்தத் தண்ணீர் வெகு சீக்கிரம் நீர்த்துப்போகிறது, விளைவுகள் பெரும்பாலும் பிளாட்ஃபார்மைச் சுற்றிய பகுதியில்தான் என்றும் அங்கே நடந்த கண்காணிப்புகள் சொல்கின்றன. "கடலே செத்துப் போகும்" என்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

2012-ல் ஓஸ்பார் இந்த ஆபத்துக் கணக்கு முறையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பரிந்துரையாக்கியது.

வங்கித் துறையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பாதை. 1988-ல் வந்த முதல் பாசல் ஒப்பந்தத்தில், நல்ல கம்பெனிக்குக் கொடுத்த கடனும் நாளைக்கே திவாலாகப் போகும் கம்பெனிக்குக் கொடுத்த கடனும் ஒரே எடை. எட்டு சதவீத மூலதனம் வைத்தால் போதும். அது சரியில்லை என்று 2004-ல் இரண்டாம் பாசல் வந்து, ஆபத்துக்கு ஏற்ப எடை போடச் சொன்னது. அதிலும் ஒரு குறை இருந்தது: ஆபத்தைக் கணக்கிடும் மாதிரியைப் பெரிய வங்கிகள் தாங்களே செய்துகொள்ளலாம். 2008-ல் உலகமே அதன் லட்சணத்தைப் பார்த்தது. கடல் விஷயத்திலும் எனக்கு அதே பயம் உண்டு. மாதிரி நல்லதுதான், அதில் போடும் எண்களை யார் சரிபார்ப்பது?

நம்ம நாட்டில்

பழைய ஒரு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ஒரு எண்ணெய்த் தோண்டு மேடை இருக்கும். 2015-ல் திரும்ப வெளியிட்ட ஒரு ரூபாய் நோட்டிலும் அதே படம்தான். அது சாகர் சாம்ராட், ஜப்பானில் கட்டியது. 1974 பிப்ரவரியில் பம்பாயிலிருந்து 160 கிலோமீட்டர் மேற்கே கடலுக்கடியில் எண்ணெயைக் கண்டுபிடித்தது அதுதான். 1976 மே மாதம் பாம்பே ஹையில் உற்பத்தி தொடங்கியது. முந்தைய எண்ணெய் நெருக்கடியில் நொந்து போயிருந்த நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்றால், ரூபாய் நோட்டில் ஏற்றும் அளவுக்கு. 1985-ல் அங்கே நாளொன்றுக்கு நாலரை லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் வந்தது. 2024-ல் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஐம்பது வருஷக் கிழட்டு வயல். அண்ணாச்சி கணக்குப்படி இனி என்ன அதிகம் வரும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நம் சட்டம் 1996-ல் வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் எண்ணெய் எடுக்கும் தொழிலுக்கான வரம்புகளில், கடலில் விடும் தண்ணீருக்கு இப்படிச் சொன்னார்கள்: வேறு தண்ணீர் கலக்காமல் அளக்கும்போது, 95 சதவீத அளவீடுகளில் எண்ணெய் 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எந்தக் காலத்திலும் 100-ஐத் தாண்டக் கூடாது. எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நாளைக்கு மூன்று மாதிரி எடுத்து, சராசரி பார்க்க வேண்டும்.

ஒரு ஆடிட்டர் கண்ணோடு இதைப் படியுங்கள். நல்ல அம்சம் உண்டு: கலக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது, தினமும் அளக்கச் சொல்கிறது, உச்சவரம்பும் இருக்கிறது. குறை என்ன? 95 சதவீதம் என்றால் வருஷத்தில் சுமார் 18 நாள் 40-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கலாம். மொத்த எடைக்கு வரம்பு இல்லை. கரைந்த பொருட்களைப் பற்றிய ஆபத்துக் கணக்கு இல்லை. வட கடல் 1986-ல் நின்ற இடத்தில் நாம் 1996-ல் போய்ச் சேர்ந்தோம். அவர்கள் அங்கிருந்து இரண்டு படி ஏறிப் போனார்கள்.

தமிழ்நாட்டுக் கடலுக்கும் இது புதுசு இல்லை. புதுச்சேரி, கடலூர்க் கரைக்கு அப்பால் பி.ஒய்.3 என்ற வயலில் 1997-லிருந்து 2011 வரை கடலில் எண்ணெய் எடுத்தார்கள். பக்கத்திலேயே பி.ஒய்.1 எரிவாயு வயல். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? விபத்து நடந்தால்தான் நமக்கு எண்ணெய் கண்ணில் படுகிறது. 2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதி, பையன்கள் வாளியால் எண்ணெயை அள்ளியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். தினசரி அனுமதியோடு போகும் எண்ணெய்க்கு டிவி கிடையாது. வங்கியில் பெரிய மோசடி தலைப்புச் செய்தியாகும், சின்னச் சின்னக் கசிவு ஆண்டறிக்கையின் ஏதோ ஒரு அட்டவணையில் கிடக்கும். அந்த மாதிரி.

காக்ஸ் டவுனுக்கும் இதில் பங்கு உண்டு

"அவன் கடலில் விடுகிறான்" என்று பேசும்போது நம் வீட்டுக் குழாயையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். நான் இருக்கும் காக்ஸ் டவுன் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இந்தப் பக்கத்துச் சாக்கடை, மழைத் தண்ணீர் எல்லாம் ராஜகாலுவே வழியாக எந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினாலும், கடைசியில் தட்சிண பினாகினியில்தான் சேரும். அந்த ஆறு ஓசூர் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் அதன் பெயர் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை பொங்குகிற செய்தி வருஷா வருஷம் வருகிறதே, அது பெங்களூர்க்காரர்கள் நாம் அனுப்பிய பார்சல். அது கிருஷ்ணகிரி, சாத்தனூர் தாண்டிக் கடலூர் அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. பி.ஒய்.3 வயல் இருந்த அதே கடல்.

நகரத்துச் சாக்கடைக்கும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் விதி. நகரம் இரண்டு மடங்கானால் விதி மாறாது, ஆற்றுக்குப் போகும் சுமை இரண்டு மடங்காகும். ஆகவே இது எண்ணெய்க் கம்பெனிகளின் தனி நோய் இல்லை. கழிவை விகிதத்தால் மட்டும் அளக்கும் எல்லோருக்கும் வருகிற நோய்.

குமரிக் கடலில் என்ன நடக்கப் போகிறது?

குமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளத் திட்டு இருக்கிறது. எங்கள் ஆட்களின் சோறு அது. 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் எழுதிக்கொண்ட கடிதங்களில் அது இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வந்தது. அதற்கு மூன்று வருஷம் வரை மட்டும், ஆறு இலங்கைப் படகுகள் வருஷத்துக்கு 2,000 டன் வரை பிடிக்கலாம் என்று அனுமதி. கூடவே ஒரு நிபந்தனை: அந்தக் காலத்துக்குள் இந்தியா அங்கே பெட்ரோலியம் தேட முடிவு செய்தால், தேடல் தொடங்கும் நாளிலிருந்து அந்தப் பகுதிகளில் இலங்கைப் படகுகள் மீன்பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும். பாருங்கள், ஐம்பது வருஷத்துக்கு முன்பே அந்தக் காகிதத்தில் மீனும் எண்ணெயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று வந்தால் மற்றது விலக வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

2024-ல் ஒன்பதாவது சுற்று ஏலத்தில் குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் மூன்று பிளாக்குகள் வந்தன. மூன்றும் சேர்ந்து 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2025-ல் மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இதற்கிடையில் 2020 ஜனவரியிலேயே மத்திய அரசு ஒரு திருத்தம் செய்திருந்தது. எண்ணெய் தேடிப் பார்க்கும் கட்டத்தை பி2 என்ற பிரிவுக்கு மாற்றியதால், அந்தக் கட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்பும் தேவையில்லை. உற்பத்திக் கட்டத்துக்குத்தான் அவை. அதாவது கிணறு தோண்டி, கோடிக்கணக்கில் செலவு செய்து, எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஊரைக் கேட்பார்கள். அவ்வளவு பணம் போட்ட பிறகு "வேண்டாம்" என்ற பதிலுக்கு என்ன மதிப்பு இருக்கும்? கடன் தொகையைக் கொடுத்துவிட்டுப் பிறகு பத்திரத்தைச் சரிபார்க்கும் மேனேஜரை நான் பார்த்ததில்லை.

எண்ணெயே வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிறவன் நான். நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் மும்பை, அபுதாபி, அபர்டீன் என்று இந்தத் தொழிலில் சம்பாதித்துத்தான் தங்கைக்குக் கல்யாணம் செய்தார்கள், வீடு கட்டினார்கள். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் "அளவுக்குள் இருக்கும்" என்று யாராவது சொல்லும்போது, வெறும் கோபத்துக்குப் பதிலாக ஊரில் நம்ம ஆட்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன:

1. லிட்டருக்கு எவ்வளவு என்பது சரி. வருஷத்துக்கு மொத்தம் எத்தனை டன்? பத்தாம் வருஷம், இருபதாம் வருஷம் எத்தனை?

2. தண்ணீரைத் திரும்பப் பாறைக்குள் செலுத்தும் வசதி முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்கிறதா? (பிளாட்ஃபார்ம் கட்டிய பிறகு சேர்ப்பது பல மடங்கு செலவு. அப்புறம் "முடியாது" என்ற பதில்தான் வரும்.)

3. கரைந்த பொருட்களையும், ஊற்றும் ரசாயனங்களையும் யார் கணக்கில் வைக்கிறார்கள்? பெயர்ப்பட்டியல் கிடைக்குமா?

4. மாதிரி எடுப்பது யார்? கம்பெனி ஆளே எடுத்து, கம்பெனி ஆளே அளந்து, கம்பெனியே அறிக்கை கொடுப்பதா? எந்தக் கிளையிலும் கேஷியரே ஆடிட்டராக இருப்பதில்லை.

5. தினசரி அளவீடுகள் மீனவர் பார்க்கும்படி வெளியிடப்படுமா, தமிழில்?

6. தோண்டுவதற்கு முன்னால் அந்தக் கடலின் நிலை என்ன என்று இப்போதே அளந்து வைப்பார்களா? ஆரம்ப இருப்பு தெரியாமல் எந்தக் கணக்கையும் சரிபார்க்க முடியாது.

ஆறாவது கேள்விதான் இப்போதைக்கு ரொம்ப அவசரம் என்று நினைக்கிறேன். மற்ற ஐந்துக்கும் எண்ணெய் வரும் வரை நேரம் இருக்கிறது. ஆரம்ப இருப்பை எழுதிவைக்க, தோண்டுவதற்கு முந்தைய நாள் வரைக்கும்தான் நேரம். ஊரில் கூட்டம் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பங்குத்தந்தையிடமோ சங்கத்துத் தலைவரிடமோ இந்தப் பட்டியலை ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். பிளாட்ஃபார்மில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள் இருந்தால், நான் விட்டுவிட்ட கேள்விகளைச் சொல்லுங்கள். பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.